இலங்கைக் காடுகளுக்குத் தனியாளாக: ஜீப்பா, நடையா?

தோள்பையை மாட்டிக்கொண்டு இலங்கைக்குத் தனியாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "யாலவா, வில்பத்துவா?" என்றுதான். சிறுத்தை எங்கே கண்ணில் படும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நாலு பேர் சேர்ந்து போகும்போது இந்தக் கேள்வியில் தொடங்கலாம். தனியாளாகப் போகிறவர் அதற்கு முன்பே வேறொன்றை முடிவு செய்தாக வேண்டும்: காட்டை ஜீப்பில் உட்கார்ந்து பார்ப்பதா, நடந்து பார்ப்பதா?

காரணம் இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள பெரிய தேசியப் பூங்காக்களில், அதாவது யால, வில்பத்து, உடவளவை, மின்னேரியா போன்றவற்றில், குறிப்பிட்ட ஓரிரு இடங்களைத் தவிர வண்டியைவிட்டுக் கீழே இறங்கவே கூடாது. உள்ளே போக வேண்டுமானால் ஜீப் எடுத்தே ஆக வேண்டும். ஜீப் வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது, வண்டிக்கு இவ்வளவு. நுழைவுச்சீட்டோடு ஒரு சேவைக் கட்டணமும் சேரும். அதுவும் குழுவுக்கு ஒன்று. வண்டி உள்ளே போகத் தனிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேல் வரி. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணமோ உள்ளூர்க்காரர் தருவதைப்போலப் பல மடங்கு. ஆறு பேர் பிரித்துக்கொள்ளும் பாரத்தைத் தனி ஆள் முழுசாகச் சுமக்கிறார் என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

சிங்கராஜ வனமும் நக்கிள்ஸ் மலையும் வனத் திணைக்களத்திடம் இருக்கின்றன. அங்கே நடைதான். நுழைவுச்சீட்டு ஆள் கணக்கு, அதுவும் ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் திணைக்களத்துக்குள் வந்தாலும் விதிவிலக்கு: தேசியப் பூங்காவாக இருந்தும் உள்ளே நடந்து சுற்றலாம்.

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. தனியாகப் போகிறவர் நடைக்காடுகளை மையமாக வைத்துக்கொண்டு, ஜீப் பூங்கா ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எந்த ஒன்று என்பதில்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜீப் ஏறத்தான் வேண்டுமென்றால்

யாலவும் வில்பத்துவும் 1938இல் ஒரே ஆண்டில் தேசியப் பூங்காவானவை. இரண்டிலும் சிறுத்தை உண்டு. புலியோ சிங்கமோ இல்லாத தீவில் சிறுத்தைதான் காட்டின் தலைமை வேட்டையாடி. அதனால் பட்டப்பகலிலும் பாறைமேல் கால் நீட்டிப் படுத்திருக்கும். பார்க்கும் வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால் யாலவின் முதலாம் பிரிவுதான் முன்னால் நிற்கிறது. சிறுத்தை நெருக்கத்துக்கு உலக அளவில் பேர் வாங்கிய இடம் அது.

அந்தப் பேர்தான் அதற்கு வினையும். ஒரு சிறுத்தை கண்ணில் பட்டால் ஓட்டுநர்களின் கைபேசிகள் ஒன்றையொன்று அழைக்கும். சில நிமிடங்களில் புழுதி பறக்க நாலா பக்கமிருந்தும் ஜீப்புகள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் நிற்பவன் நகர மாட்டான், பின்னால் நிற்பவன் எஞ்சினை அணைக்க மாட்டான். வாலின் நுனி தெரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஆனாலும் தனியாளுக்கு யாலவின் கூட்டத்தில் ஒரு லாபம் உண்டு. யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமையில் தங்கும் விடுதிகள் நிறைய; அதிகாலை ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருப்பது அங்கே சாதாரணம். முதல் நாள் மாலையே விடுதிக்காரரிடம் சொல்லி வைத்தால் இன்னும் மூன்று நான்கு பேரோடு சேர்த்துவிடுவார். செலவு சட்டென்று இறங்கும்.

வில்பத்துவில் நிலைமை நேர்மாறு. 1,317 சதுர கிலோமீட்டர். தீவின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. போர்க்காலத்தில் நீண்ட காலம் மூடிக்கிடந்தது. 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகளைச் சுற்றி அடர்ந்த காடு. ஒரு வில்லுவின் கரையில் வண்டியை நிறுத்தினால் அரைமணி நேரம் இன்னொரு வண்டிச் சத்தம் கேட்காமலும் போகலாம். காடு என்று நாம் மனதில் வைத்திருப்பது இதுதான். ஆனால் வருபவர்கள் குறைவு என்பதால் ஜீப்பைப் பங்கு போட ஆள் கிடைப்பதும் அரிது. அநுராதபுரத்தில் தங்கி அங்குள்ள விடுதிகளில் விசாரித்தால் ஒருவேளை கிடைக்கலாம். இல்லையென்றால் முழு ஜீப்பும் உங்கள் தலையில்தான்.

ஆக, யாலவில் மலிவும் கூட்டமும், வில்பத்துவில் அமைதியும் செலவும். கையிலிருக்கும் பணத்தில் ஒரே ஒரு பெரிய செலவை இந்த இரண்டில் ஒன்றில் செய்வதென்றால் அதை வில்பத்துவில் செய்வேன். கூட்டத்தில் பார்த்த சிறுத்தையைவிட ஆளரவமற்ற கரையில் பார்க்காத சிறுத்தை மேல் என்று நினைப்பவன் நான். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு யாலவே சரி. ஒன்று மட்டும்: வறட்சியை முன்னிட்டு யாலவின் முதலாம் பிரிவை வழக்கமாக செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் திஸ்ஸமகாராமைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கரடி பார்க்கும் ஆசை இருந்தால் மே முதல் ஜூலைவரை போங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலம் அது, கரடி மரமேறி உட்கார்ந்து தின்னும்.

இந்த இரண்டுக்கும் வெளியே, தனியாளுக்கு மிகவும் ஒத்துவருவது உடவளவை. 1972இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, 308 சதுர கிலோமீட்டர், நீர்த்தேக்கத்தைச் சுற்றிய புல்வெளி. இங்கே ஆண்டு முழுவதும் யானை உண்டு, பார்க்காமல் திரும்புவதுதான் அபூர்வம். மறைவுக்குப் பெரிய காடு இல்லாததால் கூட்டத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஜீப் நெருங்கும்போது பெரிய பெண் யானைகள் இரண்டு பக்கத்திலும் வந்து நிற்க, குட்டி அவற்றின் கால்களுக்கு நடுவே மறைந்துபோகும். பிறகு தும்பிக்கை நுனி மட்டும் வெளியே நீண்டு காற்றை மோப்பம் பிடிக்கும். அந்த ஒரு காட்சிக்கே ஜீப் காசு தகும். எம்பிலிப்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் வரலாம், வாசல் பிரதான சாலையிலேயே இருக்கிறது, மூன்று மணி நேரச் சுற்று போதும். பக்கத்திலேயே 1995இல் தொடங்கிய யானைகள் இடைத்தங்கல் நிலையம். தாயை இழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பால் கொடுக்கும் நேரத்தில் தூரத்து மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. தொடவோ சவாரி செய்யவோ விடும் இடங்களைத் தவிர்த்துவிட்டு இங்கே போவதே யானைக்குச் செய்யும் மரியாதை.

மின்னேரியாவை ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மகாசேன மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய குளம். வறட்சியில் நீர் வற்ற வற்ற ஓரத்தில் புல் முளைக்கும், அதைத் தேடிச் சுற்றுவட்டாரக் காட்டு யானைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடும். அண்மைக் காலமாக மொறகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வந்து குளம் நிறைந்தே கிடப்பதால் புல் குறைந்து, யானையும் குறைகிறது என்ற குறை இருக்கிறது. பக்கத்து ஊரான ஹபரணையில் தங்கும் விடுதிகள் ஏராளம் என்பதால் ஜீப்பில் பங்கு கிடைப்பது எளிது.

கல்லோயா பூங்காவில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் படகிலிருந்து யானை நீந்துவதைப் பார்க்கலாம். ஆனால் படகும் முழுசாக எடுக்க வேண்டியதே. தனியாளின் பட்டியலில் அதைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

நடைக்காடுகள்

சிங்கராஜவை முதலில் சொல்ல வேண்டும். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த காடு, சுமார் 88 சதுர கிலோமீட்டர்தான். எழுபதுகளில் பலகைக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள், எதிர்ப்புக்குப் பிறகு நிறுத்தினார்கள். இங்குள்ள மரவகைகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. யானையோ சிறுத்தையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சிறுத்தை இருக்கிறது, ஆனால் உங்களுக்குக் காட்சி தராது. இந்தக் காட்டைச் சின்ன உயிர்களுக்காகப் பார்க்க வேண்டும்.

பறவைகள் இங்கே தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாக வரும். சிலம்பன்கள் கீழே சலசலத்துக்கொண்டு முன்னே போக, கரிச்சான் மேலே காவல் போல வர, அவற்றோடு பத்துப் பன்னிரண்டு இனப் பறவைகள் ஒரே அலையாகக் காட்டைக் கடக்கும். அதுவரை பேசாமல் கிடந்த காடு ஐந்தே நிமிடம் கலகலத்து மறுபடி அடங்கிவிடும். நீல மேக்பையும் செம்முக மல்கோகாவும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கண்ணில் படும். உலகத்துக்கே புதிதான ஓர் ஆந்தை இனம் இந்தப் பகுதி மழைக்காட்டிலிருந்து 2004இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது என்றால், இலைக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்குமோ.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. இது தனியாளுக்குச் செலவுதான், ஆனால் உருப்படியான செலவு. பச்சைக் குழிவிரியன் உங்கள் மூக்குக்கு நேரே கொடியில் சுருண்டு கிடந்தாலும் பழக்கமில்லாத கண்ணுக்கு அது இலைதான். தெனியாயப் பக்கமாகவும் போகலாம், களவானையைத் தாண்டிக் குடாவப் பக்கமாகவும் போகலாம். காலி, மாத்தறை கடற்கரையிலிருந்து வருகிறவருக்குத் தெனியாய வசதி, பஸ் உண்டு, விடுதிக்காரர்களே வழிகாட்டியையும் பிடித்துத் தருவார்கள். பறவைக்காகவே வருகிறவருக்குக் குடாவ மேல்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் சிங்கராஜவைப் பற்றிப் பேச முடியாது. மழை பெய்து ஓய்ந்த பாதையில் நின்று பார்த்தால் சருகுக்குள்ளிருந்து நூல் நூலாக எழுந்து, தலையை ஆட்டி ஆட்டி உங்கள் திசையைத் தேடுவது தெரியும். சப்பாத்தில் ஏறினால் லேஸ் துவாரம் வழியாகவே உள்ளே போய்விடும். நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை முழங்கால்வரை போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்ப்பது உள்ளூர் வழக்கம். கடித்தால் வலி தெரியாது, ரத்தம்தான் நிற்காமல் கசியும். உறையவிடாத பொருளை அது கடிக்கும்போதே செலுத்திவிடுகிறது. ஆபத்தொன்றும் இல்லை. வெள்ளைக் காற்சட்டை மட்டும் வேண்டாம்.

ஹோர்ட்டன் சமவெளி இதற்கு நேரெதிர்: குளிர், புல்வெளி, காற்று. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இங்கேதான் ஊற்று. சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் வட்டப்பாதை. உலக முடிவு எனப்படும் செங்குத்துச் சரிவு, பேக்கர் அருவி எல்லாம் அதிலேயே வந்துவிடும். வழிகாட்டி தேவையில்லை, பாதை தவற வழியுமில்லை. தனி நடைக்கு இந்தத் தீவில் இதைவிடப் பத்திரமான காடு எனக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் சரிவிலிருந்து மேகம் ஏறி வந்தால் உலக முடிவில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வாசலில் பையைத் திறக்கச் சொல்லி பாலித்தீன் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேலுறையைக்கூடக் கிழித்து எடுப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், மரைகள் (கடமான்கள்) சுற்றுலாப் பயணிகளிடம் தீனி வாங்கிப் பழகி, பையோடு சேர்த்து விழுங்கியதன் விளைவு அது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், வாசல்வரை போய்ச் சேர்வதில். பொது பஸ் கிடையாது. நுவரெலியாவிலிருந்து வேன்தான். ஆனால் காலை ஐந்து மணிக்கு அதே இடத்துக்குப் போகக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு விடுதியிலும் இருப்பார்கள், இரண்டு மூன்று பேரைச் சேர்ப்பது கஷ்டமில்லை. கால் வலுவுள்ளவர் ஒஹிய ரயில் நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர் மேலேறலாம். அப்படியானால் மேகத்துக்கு முன்னால் போய்ச் சேர ஒஹியவிலேயே இரவு தங்கியாக வேண்டும். மலைநாட்டு ரயில் பாதை மண்சரிவால் அவ்வப்போது தடைப்படும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நக்கிள்ஸ் அழகில் இரண்டுக்கும் குறைந்ததல்ல, ஆனால் தனியாளுக்கு நான் சொல்ல மாட்டேன், வழிகாட்டியோடு என்றால் மட்டும் சரி. இரண்டு பருவமழையும் வந்து மோதும் மலை அது. நிமிடத்தில் மூடுபனி இறங்கினால் பழைய ஏலக்காய்த் தோட்டத்துப் பாதை எது, மாட்டுத்தடம் எது என்று புரியாது. மலைக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துக்கு ஹுன்னஸ்கிரியவிலிருந்து பஸ் ஒன்றிரண்டே. அதைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு.

காட்டுவிலங்கு பெரிதல்ல, நடையே பெரிது என்பவருக்குத் தேயிலை மலைகளூடே கண்டியிலிருந்து தொடங்கும் பீக்கோ டிரெயில் இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். ஏதாவது இரண்டு கட்டத்தை மட்டும் நடக்கலாம். ஹட்டன், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழிலேயே வழி கேட்டுக்கொண்டு போகலாம், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று பேசினால் தேநீர் தராமல் அனுப்ப மாட்டார்கள். தெனியாயவிலும் உடவளவையிலும் இதை எதிர்பார்க்க முடியாது, அங்கே பெரும்பாலும் சிங்களம். நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள்.

யாரும் சொல்லாத மூன்றாவது வழி

மன்னார், வடமேற்குக் கரையை ஒட்டிய சின்னத் தீவு. நவம்பரிலிருந்து மார்ச்வரை மத்திய ஆசியப் பறவைப் பாதையின் கடைசித் தரிப்பிடங்களில் ஒன்று இது. மன்னார் தீவுக்குள் நுழையும் பாலத்துச் சாலையோரத்திலும் வங்காலைச் சரணாலயத்துச் சேற்றுவெளியிலும் பூநாரைகள் தலைகீழாக அலகைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். ஜீப் வேண்டாம், ஒரு சைக்கிளும் தொலைநோக்கியும் போதும். பேச்சு தமிழ். சாலையில் கழுதைகள் மந்தையாகத் திரியும், பள்ளிமுனையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரம் நிற்கிறது. நிழல் அறவே கிடையாது, பதினொரு மணிக்கு மேல் வெயில் கொன்றுவிடும். யானை, சிறுத்தை பார்த்தால்தான் பயணம் என்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

திமிங்கிலமும் இந்த வகையில்தான் சேரும். டிசம்பர் முதல் ஏப்ரல்வரை மிரிஸ்ஸவிலிருந்தும், மே முதல் அக்டோபர்வரை திருகோணமலையிலிருந்தும் படகுகள் போகின்றன. இவற்றில் பெரும்பாலும் இருக்கைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள். தனி ஆள் தனி ஆளுக்குரிய காசை மட்டும் கொடுத்து நீலத் திமிங்கிலம் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு, அது சுற்றுலாவில் சேராது. கதிர்காமத் திருவிழாவுக்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு வாரம், உகந்தை முருகன் கோவிலிலிருந்து குமண, யால காடுகளூடே பாதயாத்திரைக்குப் பாதை திறப்பார்கள். ஜீப்பைவிட்டு இறங்கவே கூடாத காட்டில், "அரோகரா" சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நடந்து, ஆற்றங்கரையில் சமைத்து, மரத்தடியில் படுத்துப் போகிறார்கள். விலங்கு பார்க்க என்று இதில் சேராதீர்கள். யாத்திரையாக நடக்கும் மனமிருந்தால் சேருங்கள். கூட்டத்தோடு ஒட்டியே போங்கள்.

தனியாளின் கவலைகள்

பயப்பட வேண்டியது சிறுத்தைக்கு அல்ல, யானைக்கு. மழை குறைந்த தாழ்நிலப் பகுதியான உலர்வலயத்தில் எங்கே இருந்தாலும் மாலை ஆறுக்கு மேல் நடக்கவோ சைக்கிளில் போகவோ வேண்டாம். புத்தல கதிர்காமம் சாலையில் வண்டியை மறித்துத் தீனி கேட்கும் யானைகளே உண்டு. மோட்டார் சைக்கிளில் அந்த வழியே வேண்டாம். மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. டெங்கு இருக்கிறது, ஆகவே கொசுவிரட்டி வேண்டும். அவசர ஆம்புலன்ஸ் 1990, காவல்துறை 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1912. பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு நேரம் கடத்தாமல் நேரே அரச மருத்துவமனை. பெண்கள் தனியாகப் போகும்போது நெரிசல் பஸ்ஸில் முன்பக்கம், இன்னொரு பெண்ணின் பக்கத்து இருக்கை என்று பார்த்து உட்காருவது நல்லது. பெரிய பையை ஓட்டுநர் பக்கத்தில் வைத்துவிடலாம்.

எந்த மாதத்துக்கு எது

ஜனவரி முதல் மார்ச்வரை விடுப்பு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். சிங்கராஜ ஓரளவு காய்ந்திருக்கும், ஹோர்ட்டன் சமவெளியில் வானம் தெளிந்திருக்கும் (விடியலில் உறைபனிகூட விழும், கம்பளி வேண்டும்), மிரிஸ்ஸவில் திமிங்கிலம், மன்னாரில் பூநாரை. நடுவில் உடவளவையில் ஒரே ஒரு ஜீப். பத்து நாள் இருந்தால் தெனியாய, உடவளவை, மலைநாடு என்று பஸ்ஸிலேயே ஒரு வளையம் போட்டுவிடலாம். மன்னாரைச் சேர்க்க இன்னும் மூன்று நாள் வேண்டும்.

மே, ஜூனில் தென்மேற்கில் மழை கொட்டும், சிங்கராஜவில் அட்டைக்குத்தான் விருந்து. அப்போது வில்பத்து, இல்லையென்றால் பாலைப்பழக் கரடிக்காக யால. கிழக்கே குமணவில் அப்போது நீர்ப்பறவைகள் கூடு கட்டும் காலம், ஆனால் அங்கும் ஜீப்தான். அக்டோபர், நவம்பரில் எங்கும் மழை. காட்டுக்கென்றே வருகிறவர் அந்த இரண்டு மாதத்தைத் தள்ளிப்போடலாம்.

ஆகஸ்ட்டில்தான் விடுப்பு என்றால் வடக்கே ஹபரணையைத் தளமாக வைத்துக்கொண்டு யானைக்கூட்டத்தைப் பாருங்கள், அப்படியே திருகோணமலைக்கு பஸ் பிடித்துக் கடலையும் முடித்துவிடலாம். மின்னேரியாவா, பக்கத்துப் பூங்காவான கௌதுல்லவா என்று ஊரிலிருந்தே பதிவு செய்யாதீர்கள். யானைகள் இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும். அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்பது ஹபரணைச் சந்தியில் நிற்கும் ஜீப் ஓட்டுநர்களுக்குத் தெரியும். மதியம் அங்கே போய்க் கேட்டு, இரண்டு பேர் இருக்கும் வண்டியில் மூன்றாவதாக ஏறிக்கொள்ளுங்கள்.